ஸ்கூட்டரில் மின்கோளாறு: புதுப் பேட்டரி வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

செல்ஃப் எடுக்கவில்லை என்றால் பேட்டரியை மாற்றுவதும், விளக்கு எரியவில்லை என்றால் பல்பை மாற்றுவதும் நம்மிடையே வழக்கமாகிவிட்டது. பல சமயம் அதிலேயே கோளாறு தீர்ந்துவிடுவதால் அந்த வழக்கம் நிலைத்தும் விட்டது. ஆனால் துருவேறிய ஒரு எர்த் இணைப்போ (மின்சாரம் வண்டியின் உலோகச் சட்டம் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு), பேட்டரியின் சார்ஜை ஒழுங்குபடுத்த வேண்டிய ரெகுலேட்டர் சார்ஜ் ஏற்றாததோ காரணமாக இருந்தால், புதுப் பேட்டரி போட்ட சில நாட்களிலேயே வண்டி பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பேட்டரிக்குக் கொடுத்த பணமும் வீணாகும். மின்சாரம் பேட்டரியிலிருந்து கிளம்பி, ஃபியூஸ், சாவி, ஸ்விட்ச், பல்பு என்று கடந்து, எர்த் வழியாகப் பேட்டரிக்கே திரும்ப வேண்டும். இந்தச் சுற்றில் எங்கே தடை விழுந்திருக்கிறது என்று அளந்து பார்த்த பிறகே எதையும் மாற்ற வேண்டும் என்பதுதான் இக்கட்டுரை முழுவதும் பின்பற்றும் முறை.

இங்கே சொல்லப்படுபவை நம் சாலைகளில் ஓடும் 100 முதல் 125 சிசி வரையிலான கியர் இல்லாத பெட்ரோல் ஸ்கூட்டர்களுக்குப் பொருந்தும். மின்சார ஸ்கூட்டர்களுக்கு இவை பொருந்தா. அவற்றின் பெரிய பேட்டரியில் வீட்டில் கைவைப்பது ஆபத்து.

கையில் இருக்க வேண்டியவை

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், 10ஆம் எண் ஸ்பேனர், வண்டிக்கு உரிய அளவில் இரண்டு ஃபியூஸ், சிறு துண்டு உப்புத்தாள், கொஞ்சம் வாசலின் ஆகியவை போதும். இவற்றோடு ஒரு டெஸ்ட் லாம்ப்பும் செய்து வைத்துக்கொள்வது நல்லது. பழைய பிரேக் லைட் பல்பு ஒன்றை ஹோல்டரோடு எடுத்து, அதிலிருந்து இரண்டு வயர்களை நீட்டி, நுனியில் கிளிப் மாட்டினால் டெஸ்ட் லாம்ப் தயார். மல்டிமீட்டர் இருக்கும்போது இது எதற்கு என்று தோன்றலாம். உள்ளே நூலிழை அளவுக்கு அறுந்துபோன வயரிலும் மீட்டர் 12 வோல்ட் என்று காட்டிவிடும். ஏனெனில் மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிகமிகக் குறைவு. 21 வாட் பல்பு ஏறக்குறைய 1.75 ஆம்பியர் கேட்கும். அந்த வயரால் அதைக் கொடுக்க முடியாமல் பல்பு மங்கி எரிவதைக் கொண்டே குறையைக் கண்டுபிடித்துவிடலாம்.

மீட்டரைப் பயன்படுத்தும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் செருகியபடியே பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்துவிட்டால் அது நேரடி ஷார்ட், அதாவது தடையே இல்லாத குறுக்கு இணைப்பு ஆகும். வோல்ட் அளக்கும்போது சிவப்பு வயர் வோல்ட் துளையிலும், திருகு 20 வோல்ட் டி.சி. என்ற இடத்திலும் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பேட்டரியைக் கழற்றும்போது முதலில் நெகட்டிவ். மாட்டும்போது முதலில் பாசிட்டிவ். இந்த வரிசையைப் பின்பற்றினால், ஸ்பேனர் தவறிச் சேசிஸில் (வண்டியின் உலோகச் சட்டத்தில்) பட்டாலும் தீப்பொறி பறக்காது. என்ஜின் ஓடும்போது பேட்டரி வயரை எடுத்துப் பார்க்கும் பழைய சோதனையை இன்றைய வண்டிகளில் செய்யவே கூடாது. பேட்டரி இல்லாதபோது எகிறும் மின்னழுத்தம், என்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான இசியுவையே எரித்துவிடக்கூடும்.

முதல் கேள்வி: செத்தது எது?

கருவி எதையும் எடுப்பதற்கு முன், சாவியைப் போட்டு ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட், மீட்டர் போர்டு ஆகிய நான்கையும் ஒவ்வொன்றாக இயக்கிப் பார்க்க வேண்டும். நான்கும் செத்திருந்தால் கோளாறு எல்லாவற்றுக்கும் பொதுவான பாதையில், அதாவது பேட்டரி, மெயின் ஃபியூஸ், சாவி ஸ்விட்ச், மெயின் எர்த் ஆகியவற்றில் இருக்கிறது. ஒன்று மட்டும் வேலை செய்யவில்லை என்றால் அதன் ஸ்விட்ச், பல்பு, அதற்குரிய வயர் ஆகியவற்றைப் பார்த்தால் போதும். பேட்டரியைத் தொடவே வேண்டாம். எல்லாம் வேலை செய்தும் மங்கலாகவும் சோர்ந்தும் இருந்தால் பேட்டரியையோ எர்த்தையோ சந்தேகிக்கலாம். ஹாண்டிலை இடமும் வலமுமாக முழுவதும் திருப்பும்போது விட்டுவிட்டு வேலை செய்தால், ஹாண்டில் கழுத்தருகே வளைந்து வளைந்து உள்ளுக்குள் அறுந்த வயர்தான் காரணம். பழைய வண்டிகளில் இது அடிக்கடி காணும் கோளாறு.

ஃபியூஸ்

எல்லாம் செத்திருந்தால் முதலில் ஃபியூஸ். பெரும்பாலான ஸ்கூட்டர்களில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே சிறு பெட்டியில் இது இருக்கும். உபரி ஃபியூஸ் ஒன்றும் அதனுள்ளேயே இருக்கும். சிவப்பு நிறம் 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. கண்ணால் பார்த்து நல்லது என்று முடிவு செய்ய வேண்டாம். ஃபியூஸின் உலோகக் கால் அருகே உள்ள மெல்லிய விரிசல் கண்ணுக்குத் தெரியாது. வெளியே எடுத்து மீட்டரில் கன்டினியூட்டி (மின்பாதை அறாமல் இருக்கிறதா என்று காட்டும் நிலை) வைத்து, ‘பீப்’ சத்தம் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். ஃபியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியரில் ஒன்றைப் போட வேண்டும். உடனே மறுபடியும் போனால், கீழே ஷார்ட் பற்றிச் சொல்லும் பகுதிக்குப் போகலாம். 10 போகிறதே என்று 20 போடுவதும், சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளைச் சுற்றுவதும் வயரிங் கிட்டையே ஃபியூஸாக மாற்றும் வேலை. அடுத்த முறை உருகுவது சேசிஸோடு ஓடும் வயராக இருக்கும்.

பேட்டரிக்கு மூன்று அளவுகள்

ஸ்கூட்டர் பேட்டரி மிகச் சிறியது. பெரும்பாலும் 12 வோல்ட்டில் 3 முதல் 5 ஆம்பியர்-மணி வரைதான். அது நல்லதா கெட்டதா என்பதை ஒரே ஓர் அளவால் தீர்மானிக்க முடியாது. மூன்று நிலைகளில் அளக்க வேண்டும்.

முதல் அளவு, வண்டி இரவு முழுவதும் நின்ற பிறகு காலையில், சாவி போடாமல் எடுப்பது. 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால் பங்கு. 12.0 என்றால் கிட்டத்தட்டத் தீர்ந்துவிட்டது. சார்ஜ் ஏற்றிய பிறகே மற்றச் சோதனைகளைச் செய்ய வேண்டும். சார்ஜ் ஏற்றிய பிறகும் 10.5 வோல்ட் அளவிலேயே நின்றால், ஆறு செல்களில் ஒன்று செத்துவிட்டது என்று பொருள்; ஒரு செல்லின் பங்கு ஏறக்குறைய 2.1 வோல்ட். அந்தப் பேட்டரியை மாற்றத்தான் வேண்டும்.

இரண்டாம் அளவு, செல்ஃப் பட்டனை அழுத்தும்போது எடுப்பது. மீட்டரைப் பேட்டரியிலேயே வைத்துக்கொண்டு, இன்னொருவரை பட்டனை அழுத்தச் சொல்லி, எண் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். 10 வோல்ட்டை ஒட்டி நின்றால் நல்லது. காலையில் 12.6 காட்டிய பேட்டரி இப்போது 7, 8 என்று சரிந்தால், அதில் மின்னழுத்தம் இருக்கிறதே தவிர வலு இல்லை. நின்றபடி 12.6 காட்டுகிறதே என்று ஏமாந்து, ரிலே (பட்டனை அழுத்தியதும் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் ஸ்விட்ச்), ஸ்டார்ட்டர் மோட்டார் என்று ஒவ்வொன்றாக மாற்றுகிறவர்கள் விட்டுவிடுவது இந்த அளவைத்தான். இங்கே ஒரு நுட்பம் உண்டு. மீட்டரின் முனையைப் பேட்டரியின் ஈய முனையிலேயே வைத்து ஒருமுறையும், அதில் மாட்டியிருக்கும் வயரின் வளையத்தில் வைத்து ஒருமுறையும் பார்க்க வேண்டும். ஈய முனையில் 10.5 நின்று, வளையத்தில் 8 காட்டினால், பேட்டரி நன்றாகவே இருக்கிறது. இரண்டுக்கும் இடையே உள்ள தளர்ந்த நட்டும் வெள்ளைப் பூப்பும்தான் இரண்டரை வோல்ட்டைத் தின்கின்றன. கழற்றி, உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவினால் செலவில்லாமல் வேலை முடிந்தது.

மூன்றாம் அளவு, என்ஜின் ஓடும்போது எடுப்பது. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில், காற்றோட்டமான இடத்தில் நிறுத்த வேண்டும். பின்சக்கரம் சுழலும் என்பதால் அதன் அருகே யாரும் நிற்கக் கூடாது. ஆக்ஸிலரேட்டரைச் சற்று முறுக்கிப் பிடித்தால் 13.5 முதல் 14.8 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். நின்றபோது காட்டிய 12.4-ஐயே இப்போதும் காட்டினால் சார்ஜ் ஏறவில்லை. அப்படிப்பட்ட வண்டியில் எத்தனை பேட்டரி மாற்றினாலும் அதே கதைதான். மேக்னட் காயில் (என்ஜின் சுழலும்போது மின்சாரம் உண்டாக்கும் பகுதி), ஆர்.ஆர். யூனிட் என்று வழங்கும் ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர், இரண்டுக்கும் இடையே வயர்களை இணைக்கும் கப்ளர் ஆகிய மூன்றில் ஒன்றில் குறை இருக்கும். முதலில் கப்ளரைப் பிரித்து, பிளாஸ்டிக் கருகியிருக்கிறதா, பின்கள் பச்சை பூத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மாறாக 15 வோல்ட்டுக்கு மேல் ஏறினால் ரெகுலேட்டர் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது. பேட்டரி சூடேறி உப்புவதும், பல்புகள் வரிசையாகப் போவதும் அதன் விளைவுகள்.

தீர்ந்துபோன பேட்டரிக்கு வெளியே சார்ஜ் ஏற்றுவதானால், 3 ஆம்பியர்-மணிப் பேட்டரிக்கு 0.3 ஆம்பியர் அளவில் மெதுவாக ஏற்ற வேண்டும். கார் பேட்டரிக்கான சார்ஜரில் வைத்து ஒரு மணி நேரத்தில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

செல்ஃப் எடுக்கவில்லை

பேட்டரி நன்றாக இருந்தும் பட்டனுக்கு அசைவே இல்லை என்றால், பிரேக் லீவரைப் பிடித்துக்கொண்டு பின்னால் பிரேக் லைட் எரிகிறதா என்று பார்க்க வேண்டும். பிரேக் பிடித்தால்தான் செல்ஃப் வேலை செய்யும்படி இந்த வண்டிகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. பிரேக் லைட்டுக்குப் போகும் அதே ஸ்விட்ச்தான் பெரும்பாலும் செல்ஃபுக்கும் அனுமதி தருகிறது. லீவரின் கணுவுக்கு அடியில், சுண்டுவிரல் நகம் அளவே உள்ள ஒரு கறுப்புப் பெட்டியும் அதில் உள்ளே போய் வெளியே வரும் சிறு ஊசியும் தெரியும். தூசியும் மழைநீரும் சேர்ந்து அந்த ஊசி அசையாமல் ஒட்டிக்கொண்டால் பிரேக் லைட் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கக்கூடும். உள்ளே தொடுமுனை கருகினால் பிரேக் லைட்டும் இல்லை, செல்ஃபும் இல்லை. ஒரு லீவரில் எடுக்காமல் மற்றதில் எடுத்தால், எடுக்காத பக்கத்து ஸ்விட்ச்தான் போயிருக்கிறது. புதிய வண்டிகள் சிலவற்றில் சைடு ஸ்டாண்டு போட்டிருந்தாலும் என்ஜின் ஸ்டார்ட் ஆகாது. இது கோளாறு அன்று, பாதுகாப்பு ஏற்பாடு.

பிரேக் லைட் எரிகிறது, ஆனால் பட்டனை அழுத்தினால் ‘டிக்’ என்று ஒரே ஒரு சத்தம் மட்டும் வருகிறது என்றால், ரிலே இழுக்கிறது. மோட்டாருக்குப் போதுமான மின்சாரம் போகவில்லை அல்லது மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் தேய்ந்திருக்கிறது. ‘டிக்டிக்டிக்’ என்று அடித்துக்கொண்டே இருந்தால் பேட்டரியின் வலு போதவில்லை. சத்தமே இல்லை என்றால் பட்டனிலோ ரிலேயின் வயரிலோ பார்க்க வேண்டும். 2020 ஜனவரியில் வந்த ஆக்டிவா 6ஜி போன்ற வண்டிகளில் மேக்னட்டே ஸ்டார்ட்டராகவும் வேலை செய்கிறது. தனியாக மோட்டார் இல்லாததால் சத்தத்தை வைத்துக் குறை சொல்லும் இந்த முறை அங்கே செல்லாது.

கார்புரேட்டர் வண்டிகள் பலவற்றைப் பேட்டரி செத்திருந்தாலும் கிக்கரில் உதைத்து எடுத்துவிட முடிந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 புகை விதிப்படி அமைந்த வண்டிகளில் பெட்ரோல் பம்ப்பும், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரும், இசியுவும் மின்சாரத்தில் ஓடுவதால், பேட்டரி முழுவதும் தீர்ந்தால் கிக்கரை எவ்வளவு உதைத்தாலும் எடுக்காமல் போகலாம். ஆகவே புதிய வண்டி வைத்திருப்பவர்கள் பேட்டரியின் முதல் சோர்வைக் கண்டதுமே மேற்சொன்ன மூன்று அளவுகளையும் எடுத்துவிடுவது நல்லது.

ஹெட்லைட்

இதில் குறை தேடுவதற்கு முன், எது குறையே இல்லை என்று தெரிந்துகொள்ள வேண்டும். 2017 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் விற்கும் இருசக்கர வண்டிகளில் என்ஜின் ஓடும் நேரம் முழுவதும் ஹெட்லைட் எரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது விதி. அணைக்கும் ஸ்விட்ச்சே இருக்காது. அதேபோல், சாவியை மட்டும் போட்டால் ஹெட்லைட் எரியாமல், என்ஜின் ஓடிய பிறகே எரிவதும் பல மாடல்களில் இயல்பு. பழைய வண்டிகளில் ஹெட்லைட்டுக்குப் பேட்டரியிலிருந்து மின்சாரம் வருவதில்லை; மேக்னட் காயிலிலிருந்து ஏ.சி. மின்சாரமாக நேரே வருகிறது. அதனால்தான் சிக்னலில் நிற்கும்போது மங்கி, முறுக்கினால் பிரகாசிக்கிறது. அதற்காகப் பேட்டரியை மாற்றுவதில் பயனில்லை.

டிம் எரிந்து பிரைட் எரியவில்லை என்றால் பல்பின் ஓர் இழையோ, டிம்மர் ஸ்விட்ச்சோ போயிருக்கும். ஹெட்லைட்டின் கூடான டூமைத் திறந்து, பல்பின் கப்ளரைக் கழற்றி, அதன் முனைகளில் டெஸ்ட் லாம்ப்பை வைத்துப் பார்த்தால், மின்சாரம் அங்குவரை வருகிறதா என்பது தெரிந்துவிடும். வந்தால் பல்பு, வராவிட்டால் ஸ்விட்ச். ஹாலஜன் பல்பின் கண்ணாடியை வெறும் விரலால் தொடக் கூடாது. கையின் எண்ணெய்ப் பசை படிந்த இடம் அதிகமாகச் சூடேறிப் பல்பின் ஆயுளைக் குறைத்துவிடும். பல்பு அடிக்கடி போனால் மூன்றாவது பல்பு வாங்குவதற்கு முன் ரெகுலேட்டரைப் பார்க்க வேண்டும்.

வெளிச்சம் போதவில்லை என்று 35 வாட் பல்பை எடுத்துவிட்டு 90, 100 வாட் பல்பு போடுவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. 35 வாட் பல்பு ஏறக்குறைய 3 ஆம்பியர் இழுக்கிறது. 100 வாட் 8 ஆம்பியருக்கு மேல் கேட்கும். அவ்வளவைத் தர அந்தக் காயிலுக்குத் திராணியும் இல்லை, தாங்க அந்த வயருக்குத் தடிப்பும் இல்லை. டூமின் உள்ளே மங்கிப்போன ரிஃப்ளெக்டரை மாற்றினாலே பாதிக் குறை தீர்ந்துவிடும்.

பின்விளக்கும் இண்டிகேட்டரும்

பின்பக்கம் உள்ள பல்பில் 21 வாட், 5 வாட் என்று இரண்டு இழைகள் உண்டு. பெரியது பிரேக்குக்கு, சிறியது டெயில் லைட்டுக்கு. பல்பைக் கையில் எடுத்துப் பார்த்தால், அதன் பித்தளை அடியில் உள்ள இரண்டு சிறு முளைகளும் ஒரே மட்டத்தில் இல்லாமல், ஒன்று சற்றே உயர்ந்தும் மற்றது தாழ்ந்தும் இருப்பது தெரியும். தலைகீழாக மாட்டிவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். அழுத்தித் திணித்து மாற்றி மாட்டினால், டெயில் லைட்டாக 21 வாட் இழை ஓயாமல் எரிந்து கவரையே உருக்கும். பிரேக் பிடிக்கும்போதோ மினுக்கென்று மட்டும் எரியும்.

பிரேக் பிடித்தால் டெயில் லைட் அணைவது, இண்டிகேட்டர் போட்டால் அதற்கு இசையப் பின்விளக்கும் மினுக்குவது போன்ற விநோதங்களைக் கண்டால் ஸ்விட்ச்சைப் பிரிக்க வேண்டாம். பின்பக்க விளக்குகள் எல்லாம் ஒரே எர்த் வயரைப் பகிர்ந்துகொள்கின்றன. அது துருவேறித் தடைபட்டால், திரும்ப வழியில்லாத மின்சாரம் பக்கத்து பல்பின் இழை வழியாக வழி தேடிக்கொள்கிறது. சோதிப்பது எளிது. பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து ஒரு தனி வயரை இழுத்து, பல்பு ஹோல்டரின் எர்த் முனையில் தொட வேண்டும். எல்லாம் உடனே ஒழுங்காக எரிந்தால் எர்த்தில்தான் குறை. அந்த வயர் சேசிஸில் மாட்டியிருக்கும் போல்ட்டைக் கழற்றி, பெயின்டும் துருவும் போகத் தேய்த்து மாட்ட வேண்டும். மெயின் எர்த்தையும் இதே எண்ணத்தோடு பார்க்கலாம். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மற்றதை என்ஜின் உலோகத்திலும் வைத்துக்கொண்டு செல்ஃப் அடித்தால், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது.

எர்த் வயர் எது என்பதில் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஹோண்டாவில் பச்சை எர்த், கறுப்பு சாவி போட்டதும் மின்சாரம் வரும் வயர். யமஹாவிலோ கறுப்புதான் எர்த். சுசுகியில் கறுப்பில் வெள்ளைக் கோடு. ஒரு வண்டியில் பழகிய கையோடு இன்னொரு வண்டியின் கறுப்பு வயரைச் சேசிஸில் இணைத்தால் ஃபியூஸ் போவது நிச்சயம்.

இண்டிகேட்டர் ஒரு பக்கம் மட்டும் படபடவென்று வேகமாக அடித்தால், அந்தப் பக்கத்து பல்புகளில் ஒன்று போயிருக்கிறது. எல்இடி பல்பாக மாற்றிய பிறகு இரு பக்கமும் வேகமாக அடித்தால், 10 வாட் பல்புகளுக்காக வந்த பிளாஷர் (இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரியச் செய்யும் கருவி) குறைந்த சுமையில் தடுமாறுகிறது. எல்இடிக்கு உரிய பிளாஷர் போட வேண்டும். இரு பக்கமும் எரியாமல் ஹாரன் மட்டும் அடித்தால் பிளாஷரையே மாற்றலாம்.

ஹாரன் கரகரத்தால் பின்பக்கத் திருகைச் சிறிது திருப்பிச் சரிசெய்யலாம். சத்தமே இல்லை என்றால் பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்தால்

ஒவ்வொரு முறையும் புது ஃபியூஸைப் பலிகொடுக்க வேண்டியதில்லை. ஃபியூஸை எடுத்துவிட்டு, அது இருந்த இரு முனைகளில் டெஸ்ட் லாம்ப்பை மாட்டி, சாவியைப் போட வேண்டும். எங்கோ ஷார்ட் இருந்தால் லாம்ப் முழுப் பிரகாசத்தில் எரியும். இப்போது ஹாண்டிலைத் திருப்பியும், பிரேக்கைப் பிடித்தும், இண்டிகேட்டரைப் போட்டும் பார்த்து, பிறகு கப்ளர்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்துக்கொண்டே போக வேண்டும். எதைப் பிரிக்கும்போது லாம்ப் மங்குகிறதோ அல்லது அணைகிறதோ, அந்தக் கிளையில்தான் வயர் உரசித் தோல் போய்ச் சேசிஸைத் தொடுகிறது. ஹாண்டில் கழுத்து, சீட்டின் அடி, பின் மட்கார்டுக்குள் ஓடும் வயர் ஆகிய மூன்று இடங்களைத் தேடினாலே பெரும்பாலும் அகப்பட்டுவிடும். சீட்டுக்கு அடியில் வைக்கோல், கந்தல் துணி, எலிப் புழுக்கை தென்பட்டால் அங்கேயே தேடலாம்.

இரவில் பேட்டரி இறங்கினால்

மூன்று அளவுகளும் சரியாக இருந்தும், இரண்டு மூன்று நாள் நிறுத்தினால் வண்டி எடுக்கவில்லை என்றால் ஏதோ ஒன்று பேட்டரியை இரகசியமாக உறிஞ்சுகிறது. சாவியை எடுத்துவிட்டு, நெகட்டிவ் வயரைக் கழற்றி, வயருக்கும் பேட்டரிக்கும் இடையே மீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்து அளக்க வேண்டும். இந்த நிலையில் செல்ஃப் பட்டனைத் தொடவே கூடாது; மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். சில மில்லியாம்பியர் காட்டினால் கவலை இல்லை. 50 மில்லியாம்பியர் காட்டினால், 3 ஆம்பியர்-மணிப் பேட்டரி 60 மணி நேரத்தில், அதாவது இரண்டரை நாளில் காலியாகிவிடும். வெளியே வாங்கி மாட்டிய ஜி.பி.எஸ். டிராக்கர், திருட்டு அலாரம், மொபைல் சார்ஜர் ஆகியவற்றை முதலில் கழற்றிவிட்டு அளவு குறைகிறதா என்று பார்க்க வேண்டும். சார்ஜரைச் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் வயரில் மாற்றி இணைத்தால் அந்தக் கசிவு நின்றுவிடும்.

மழைக்குப் பிறகு வரும் கோளாறுகளுக்கு மேலே சொன்ன எதையும் தொடங்குவதற்கு முன், கப்ளர்களைப் பிரித்து, ஈரத்தைத் துடைத்து, ஒருநாள் உலரவிட்டுப் பார்ப்பது உசிதம். வண்டி வெள்ளத்தில் மூழ்கியிருந்தால் சாவியே போடாமல் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டுப் பணிமனைக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். மேக்னட் காயிலை மாற்றுவது, இசியுவின் எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரிவதற்குக் காரணம் தேடுவது ஆகியவையும் பணிமனைக்கே உரியவை. அங்கே போகும்போது பேட்டரியின் மூன்று அளவுகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால், மெக்கானிக் நேரே வேலையைத் தொடங்கலாம். பேட்டரி மாற்றணும் சார் என்று அவர் முதலிலேயே சொன்னால், எந்த அளவு குறைவு என்று கேட்கவும் உங்களுக்குத் தெரியும்.